ஆசிரமத்தில் நாலு வருஷம்

பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்த கடிதத்தை வீட்டில் வாசித்துக் காட்டியது நான்தான். 2015. அப்பா லோரியை நிறுத்திவிட்டு அப்போதுதான் உள்ளே வந்திருந்தார். பாட்டி வாசல் பக்கம் பிளாஸ்டிக் நாற்காலியில். கடிதம் முழுக்க மலாய். ஒவ்வொரு வரியாக வாசித்து, தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். ‘அஸ்ராமா’ என்ற சொல் வந்ததும் பாட்டி கையைக் காட்டி நிறுத்தினார்.

“ஆசிரமமா? நாலு வருஷமும் ஆசிரமத்துலயாடா தங்கணும்?”

“ஹோஸ்டல் பாட்டி அது.”

“அப்ப ஹோஸ்டல்னு எழுத வேண்டியதுதானே. ஏன் ஆசிரமம்னு எழுதியிருக்கான்?”

எல்லாரும் சிரித்தோம். அக்காதான் ரொம்ப நேரம் சிரித்தாள். பாட்டி சொன்னது சரி என்று எனக்குத் தெரிய இரண்டு வருஷம் ஆனது. இரண்டாம் ஆண்டில் வெப்ப இயக்கவியல் தேர்வுக்கு முந்தின ராத்திரி, படிக்காமல் இருப்பதற்கு என்னவெல்லாம் வழி உண்டோ அதையெல்லாம் தேடிக்கொண்டிருந்தபோது, மலாய்ச் சொற்களின் வேர்களில் போய் மாட்டிக்கொண்டேன். அஸ்ராமா என்பது ஆசிரமமேதான். சமஸ்கிருதத்திலிருந்து போனது. குருவுக்குப் பக்கத்தில் இருந்து படிக்கும் மாணவப் பருவம்தான் நான்கு ஆசிரமங்களில் முதலாவது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், ‘ஹோஸ்டல்’ என்று நான் சொன்ன விளக்கத்தைவிடப் பாட்டியின் சந்தேகம்தான் சொல்லுக்கு நெருக்கமாக இருந்தது. அந்த வெப்ப இயக்கவியல் பேப்பரை அடுத்த வருஷம் ரிப்பீட் செய்தேன். அது தனிக்கதை.

அன்றைக்குப் பிடித்த கிறுக்கு இன்னும் விடவில்லை. பல்கலைக்கழகத்தில் நாம் தினமும் வாயில் போட்டு மெல்லும் சொற்கள் எங்கிருந்து வந்தன? இலக்கியம் படித்தவனில்லை நான், பம்புகளோடு வேலை செய்கிறவன். ஆனால் ஒரு குழாயைப் பார்த்தால் அதில் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பார்க்கத் தோன்றும் இல்லையா, அப்படித்தான் இதுவும்.

முதல் வாரத்திலேயே ஒரு குழப்பம். கோயம்புத்தூரில் படித்துக்கொண்டிருந்த ஒரு நண்பரோடு வாட்ஸ்அப்பில் பேசும்போது, “எங்க காலேஜ்ல லிப்ட் வேலை செய்யல, நாலாவது மாடிக்கு வாளியத் தூக்கிட்டுப் போறேன்” என்றேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. காலேஜுக்கு எதற்கு வாளி? நம் நாட்டுப் பல்கலைக்கழகங்களில் ‘கோலேஜ்’ என்றால் தங்கும் விடுதி. கோலேஜ் கெடியாமான் என்பது முழுப்பெயர். “நீ எந்தக் கோலேஜ்?” என்று சீனியர் கேட்டால் எந்தக் கட்டடத்தில் தூங்குகிறாய் என்று அர்த்தம். அவர் நான் சொன்னதைத் தப்பான ஆங்கிலம் என்றே நினைத்தார். உண்மையில் பழைய பொருள் நம் பக்கம்தான் இருக்கிறது. லத்தீனில் கொலேஜியம் என்பது சேர்ந்து இயங்கும் ஒரு குழு. ஆக்ஸ்போர்டிலும் கேம்பிரிட்ஜிலும் காலேஜ் என்பது முதலில் ஒன்றாகத் தங்கி, ஒன்றாகச் சாப்பிட்ட இடம். பாடம் நடத்தும் கட்டடம் என்ற பொருள் பிறகு வலுத்தது. தமிழில் நாம் அதற்கு வைத்திருக்கும் ‘கல்லூரி’யும் லேசுப்பட்ட வயதில்லை. சீவக சிந்தாமணியில் வருகிற சொல் அது.

அடுத்தது குலியா. விரிவுரைக்கு மலாயில் குலியா என்று பெயர். நம் பையன்கள் எல்லாரும் அப்படித்தான் சொல்வோம். “குலியா எத்தன மணிக்கு?” “இன்னிக்கு குலியா கேன்சல்லா.” முதல் செமஸ்டரில் ஒருநாள் வீட்டிலிருந்து போன் வந்தபோது, “குலியாவுல இருக்கேன், அப்புறம் கூப்பிடுறேன்” என்று குசுகுசுவென்று சொல்லி வைத்துவிட்டேன். பாட்டி ஸ்பீக்கரில் கேட்டிருக்கிறார். சாயங்காலம் அப்பா திரும்பக் கூப்பிட்டு, “என்னடா, படிக்கப் போன பிள்ளை கூலியா இருக்கேன்னு சொல்லுதுன்னு பாட்டி அழுவுறாங்க” என்றார். பாட்டி கித்தாத் தோட்டத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் பால் மரம் வெட்டியவர். அந்தச் சொல்லுக்கு அவருக்கு ஒரே ஓர் அர்த்தம்தான். இரண்டு சொல்லுக்கும் எந்த உறவும் இல்லை, ஒலி மட்டும்தான் ஒன்று. அதை நான் போனில் விளக்கிக்கொண்டிருந்தேன், அவர் கேட்டாரா என்று தெரியாது.

குலியா அரபிச் சொல். ‘குல்’ என்றால் எல்லாம், முழுவதும். அதிலிருந்து வந்த குல்லியா அரபியில் கல்லூரியை, புலத்தைக் குறிக்கும். மலாயில் அது எப்படியோ சுருங்கி, ஓர் ஆசிரியர் ஒரு மணி நேரம் பேசுவதைக் குறிப்பதாகிவிட்டது. 1983-இல் தொடங்கிய அனைத்துலக இஸ்லாமியப் பல்கலைக்கழகம் மட்டும் அரபிப் பொருளிலேயே தன் புலங்களைக் குல்லியா என்கிறது. அங்கே படித்த ஒருவரும் நானும் ஒருமுறை, “உங்க குலியா எவ்வளவு பெருசு?” என்று ஆரம்பித்துக் கால் மணி நேரம் வேறுவேறு விஷயத்தைப் பேசிக்கொண்டிருந்தோம்.

இந்த ‘எல்லாம்’தான் என்னைப் பிடித்து உட்கார வைத்தது. யூனிவர்சிட்டி என்ற சொல்லிலும் அதே ‘எல்லாம்’ இருக்கிறது. நாற்பது ஐம்பதுகளின் தமிழ் இதழ்களில் அதைச் சர்வகலாசாலை என்று எழுதுவார்கள். சர்வம் என்றாலும் எல்லாம். எல்லாக் கலைகளுக்குமான சாலை. பின்னால் தனித்தமிழ் வேகத்தில் சர்வகலாசாலை போய்ப் பல்கலைக்கழகம் வந்தது. எல்லாம் என்பது பலவாக இறங்கியது, கொஞ்சம் அடக்கமான பெயர் என்றுகூடச் சொல்லலாம். ஆனால் இரண்டு தமிழ்ச் சொல்லும் ஒன்றையே நம்புகின்றன: அந்த ‘எல்லாம்’ பாடங்களைப் பற்றியது. லத்தீன் மூலத்தில் அப்படி இல்லை. யூனிவர்சிதாஸ் என்பது ஆட்களைப் பற்றிய சொல். இடைக்கால ஐரோப்பாவில் ஆசிரியர்களும் மாணவர்களும் சேர்ந்த முழுத் தொகுதிக்கு, ஒரு தொழிற்சங்கம் போன்ற அமைப்புக்கு, அந்தப் பெயர். எத்தனை பாடம் என்பது கேள்வியே இல்லை, யார் யார் உள்ளே இருக்கிறார்கள் என்பதுதான் சொல். அதனால் பல்கலைக்கழகம் என்பதில் ‘பல்கலை’ வழுக்கிவிட்டாலும் ‘கழகம்’ சரியாகப் போய் உட்கார்ந்திருக்கிறது என்பது என் கட்சி. கூடுகிற ஆட்கள்தான் கழகம். (திருக்குறளில் சூது அதிகாரத்தில் கழகம் என்றால் சூதாடும் இடம். 1997-இல் தொடங்கிய பி.டி.பி.டி.என். கடனை மாதாமாதம் கட்டிக்கொண்டிருக்கிறவன் என்ற முறையில் அந்தப் பொருளையும் நான் தள்ளிவிட மாட்டேன்.)

யார் யார் உள்ளே என்ற கேள்வியை வைத்துக்கொண்டு நம் பல்கலைக்கழகங்களின் கதையைப் பார்த்தால் வேறு மாதிரி தெரிகிறது. இங்கே உயர்கல்வி 1905-இல் சிங்கப்பூரில் ஒரு மருத்துவப் பள்ளியோடு தொடங்குகிறது. காலனி அரசு தானாக முன்வந்து கொடுத்ததல்ல அது. உள்ளூர்ச் சமூகத் தலைவர்கள் மனுப்போட்டு, 87,077 டாலர் திரட்டினார்கள். அதில் 12,000 டாலர் டான் ஜியாக் கிம் என்ற ஒரே வணிகர் கொடுத்தது. முதல் வகுப்பில் 23 மாணவர்கள். அந்த மருத்துவக் கல்லூரியும் ராபிள்ஸ் கல்லூரியும் 1949 அக்டோபரில் இணைந்து மலாயாப் பல்கலைக்கழகம் ஆயிற்று. சிங்கப்பூரில் இருந்துகொண்டு மலாயா என்று பெயர். 1962 ஜனவரி 1-ஆம் தேதி அது இரண்டாகப் பிரிந்தது. பெயர் கோலாலம்பூருக்கு வந்தது, கட்டடம் சிங்கப்பூரில் நின்றது.

ஐம்பதுகளில் இரண்டு வசூல்கள் நடந்தன. சீனர்கள் தங்கள் மொழியில் நன்யாங் பல்கலைக்கழகம் கட்டப் பணம் திரட்டினார்கள். டிரைஷா ஓட்டுநர்கள்கூடத் தங்கள் ஒருநாள் வருமானத்தைக் கொடுத்த கதை சிங்கப்பூரில் இன்றும் சொல்லப்படுகிறது. அதே காலத்தில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய ஆய்வியல் துறை அமையவிருந்தது. அதில் எந்த மொழிக்கு முதலிடம், சமஸ்கிருதத்துக்கா தமிழுக்கா என்ற வாக்குவாதம் எழுந்தபோது, தமிழ் முரசு ஆசிரியர் கோ. சாரங்கபாணி ‘தமிழ் எங்கள் உயிர்’ என்ற பெயரில் நிதி திரட்டினார். 1956-இல் துறை வந்தது, தமிழோடு வந்தது. 1961-இல் தனிநாயகம் அடிகள் அதன் தலைவரானார். 1966-இல் முதல் உலகத் தமிழ் மாநாடு கோலாலம்பூரில் நடந்ததற்கு அந்தத் துறை முக்கியக் காரணம். வாழ்க்கையில் பல்கலைக்கழக வாசலை மிதிக்காத ஆட்கள் அதற்குள் தங்கள் மொழி இருக்க வேண்டும் என்று காசு கொடுத்திருக்கிறார்கள். அந்தத் தொகுதியில் அவர்களையும் சேர்க்க வேண்டாமா?

இங்கே அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். என்னைவிட நாலு வயது மூத்தவள், என்னைவிடக் கெட்டிக்காரி. இதைப் பணிவுக்காகச் சொல்லவில்லை, எஸ்.பி.எம். முடிவுத்தாள் இரண்டும் அப்பாவின் பெட்டியில் இருக்கிறது, யாரும் பார்க்கலாம். அவள் காலத்தில் எங்கள் தாமானில் எல்லார் வாயிலும் இருந்த சொல் ‘மெட்ரிக்’. மெட்ரிகுலேஷன் என்பது லத்தீனில் மெட்ரிகுலா, அதாவது பெயர்ப் பட்டியல் என்ற சொல்லிலிருந்து வந்தது. பட்டியலில் பெயர் ஏறுவதுதான் மெட்ரிகுலேஷன். இந்தியாவில் அது பள்ளியிறுதித் தேர்வின் பெயராயிற்று. நம் நாட்டில் பல்கலைக்கழகத்துக்கு முந்திய ஓராண்டு அரசாங்கப் படிப்புக்குப் பெயர். எஸ்.டி.பி.எம். என்னும் நீண்ட மலையைச் சுற்றிக்கொண்டு போகும் குறுக்குவழி. 2003-இல்தான் பூமிபுத்ரா அல்லாதவர்களுக்கு அதில் 10 விழுக்காடு இடம் திறந்தது. 2019-இல் மொத்த இடங்கள் 25,000-இலிருந்து 40,000 ஆனபோதும் 90-க்கு 10 என்ற கணக்கு அப்படியே இருந்தது. அந்தப் பத்துக்குள்தான் சீனர்களும் நாமும் மற்றவர்களும்.

அக்கா விண்ணப்பித்தாள். பட்டியலில் பெயர் இல்லை. படிவம் ஆறுக்குப் போனாள், நல்ல மதிப்பெண் எடுத்தாள், கேட்ட பொறியியல் கிடைக்கவில்லை. கேட்காத ஒரு படிப்பு வெகுதூரத்தில் கிடைத்தது. அந்த வருஷம் அப்பாவுக்கு முதுகு ஆபரேஷன். “அப்புறம் படிச்சுக்கிறேன்பா” என்று கிள்ளானில் ஒரு தொழிற்சாலை அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். என் முதல் செமஸ்டர் யூரான், மடிக்கணினி, அஸ்ராமாவுக்கு வாங்கின வாளி, மெத்தை விரிப்பு எல்லாம் அவள் சம்பளம். மலாயில் உபகாரச் சம்பளத்துக்கு பியாசிஸ்வா என்று பெயர். அதன் முன்பாதி சமஸ்கிருத ‘வ்யய’, அதாவது நம் ‘விரயம்’. பின்பாதி சிஷ்யன். சிஷ்யனுக்காகச் செய்யும் செலவு. எனக்கு பியாசிஸ்வா கிடைத்ததா என்று படிவங்களில் கேட்கும்போதெல்லாம் ‘இல்லை’ என்று எழுதியிருக்கிறேன். தப்பாக எழுதியிருக்கிறேன்.

சொற்களுக்குத் திரும்புகிறேன். எழுபதுகள் முழுக்க, எண்பதுகளின் தொடக்கம் வரை, நம் பல்கலைக்கழகங்கள் படிப்படியாக ஆங்கிலத்திலிருந்து மலாய்க்கு மாறின. 1970-இல் தொடங்கிய தேசியப் பல்கலைக்கழகம் முதல்நாளிலிருந்தே மலாயில் நடந்தது. ஒரு முழுப் பல்கலைக்கழகத்தையும் அதன் நாற்காலி மேசை பதவி பட்டம் உட்பட இன்னொரு மொழிக்குத் தூக்கி வைப்பது சாதாரண வேலை இல்லை. ஆயிரக்கணக்கில் கலைச்சொல் செய்தார்கள். அதைச் செய்தவர்கள் கையில் சமஸ்கிருதம், அரபி, ஆங்கிலம் மூன்றும் இருந்தன, மூன்றிலும் தாராளமாக எடுத்தார்கள். பட்டதாரிக்கு ‘சிஸ்வாசா’ என்று சொல். சிஷ்யன் பாதி, இஜாசா என்கிற அரபி பாதி. இஜாசா பழைய அரபுக் கல்வியில், தான் கற்ற நூலை இன்னொருவருக்குக் கற்பிக்க ஆசிரியர் தரும் அனுமதி. சிஷ்யன் இருக்கும் வீட்டில் இஜாசா வந்து குடியேறி ஒரே சொல்லாகிவிட்டது. இப்படி ஒட்டுப்போடும் துணிச்சல் தமிழில் கலைச்சொல் செய்கிறவர்களுக்கு இல்லையே என்று எனக்கு ஒரு வருத்தம் உண்டு. நாம் வேரையும் இலையையும் ஒரே மரத்தில்தான் தேடுவோம்.

ஆனால் ஓரிடத்தில் தமிழும் மலாயும் ஒன்றையொன்று கேட்காமலே ஒரே முடிவுக்கு வந்திருக்கின்றன. லெக்சர் என்றால் லத்தீனில் வாசிப்பது. அச்சு வராத காலத்தில் ஆசிரியர் நூலை வாசிப்பார், மாணவர் எழுதிக்கொள்வார். லெக்சரர் வெறும் வாசிப்பவர். மலாயில் அவர் ‘பென்ஷியாரா’. ஷர்ஹ் என்ற அரபிச் சொல்லுக்கு உரை, விளக்கம் என்று பொருள். மூலநூலுக்கு எழுதும் உரைகளுக்கு அரபு மரபில் அதுதான் பெயர். தமிழில் அவர் விரிவுரையாளர். உரையாசிரியர்கள் வழிவந்த சொல். இரண்டு பேருமே வாசிப்பவர் என்பதை எடுக்காமல் உரைசொல்பவர் என்பதை எடுத்திருக்கிறோம். இதைக் கண்டுபிடித்த அன்று எனக்கு ஒரே சந்தோஷம். யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று ரூம்மேட்டை எழுப்பிச் சொன்னேன். கெடாக்காரன். “எங்க ஸ்லைடைப் பார்த்து வாசிக்கிறாரே, அவரு லெக்சரர்தான்லா” என்று திரும்பிப் படுத்துவிட்டான்.

வேந்தர் என்ற சொல்லும் இங்கே வந்து வேடிக்கையாகிவிட்டது. சான்சலர் என்பது ரோம நீதிமன்றத்தில் தடுப்புக் கம்பிக்குப் பக்கத்தில் நின்ற பணியாளின் பெயர். அந்தக் கம்பித்தடுப்புக்கு கான்செல்லி என்று பெயர். வாசல்காரன் பதவி ஏறி ஏறி ஐரோப்பாவில் பெரிய அதிகாரியாகி, தமிழுக்கு வந்தபோது வேந்தனாகவே ஆகிவிட்டான். தமிழ்நாட்டில் அரசுப் பல்கலைக்கழகங்களுக்குப் பெரும்பாலும் ஆளுநர்தான் வேந்தர், ஆகவே அங்கே அது உவமை. இங்கே மலாயாப் பல்கலைக்கழகத்துக்கு வேந்தர் பேராக் சுல்தான். உவமையே இல்லை, உள்ளபடி வேந்தர். துணைவேந்தரின் ‘நாயிப்’ இன்னும் நெருக்கம். அந்த அரபிச் சொல்லின் பன்மையிலிருந்து வந்ததுதான் நவாப். ஆற்காட்டு நவாபுக்கும் நம் நாயிப் சான்செலோருக்கும் ஒரே பூர்வீகம்.

எனக்கு உறுத்திய சொல் மஹாசிஸ்வா. மகா சிஷ்யன், பெரிய மாணவன், பல்கலைக்கழக மாணவனுக்கு மட்டுமே உரிய பட்டம். பெயரில் இவ்வளவு பெரியவனாக்கிவிட்டு, பதிவு நாளன்று ‘ஆக்கு ஜாஞ்சி’ என்ற உறுதிமொழிக் கடிதத்தில் கையெழுத்து வாங்குகிறார்கள். என்ன உறுதி கொடுத்தேன் என்று அன்று நான் வாசிக்கவில்லை. அதற்குப் பின்னால் நீண்ட கதை இருக்கிறது. 1954 மே மாதம், சிங்கப்பூரில் இருந்த மலாயாப் பல்கலைக்கழகத்தின் சோஷலிஸ்ட் சங்கம் நடத்திய ‘ஃபஜார்’ இதழில் வந்த ஒரு கட்டுரைக்காக எட்டு மாணவர்கள் மீது அரச நிந்தனை வழக்குப் போட்டார்கள். ஜேம்ஸ் புதுச்சேரி, எம்.கே. ராஜகுமார், அருட்சோதி என்ற பெயர்களை அந்த எட்டில் பார்க்கலாம். பிரிட் என்ற ஆங்கிலேய வழக்கறிஞரும் அவருக்குத் துணையாக லீ குவான் இயூவும் வாதாடினார்கள். எட்டுப் பேரும் விடுதலை. அது காலனி அரசு. சுதந்திரத்துக்குப் பிறகு, 1971-இல் பல்கலைக்கழகச் சட்டம் வந்தது. ஆவுக்கு என்று சுருக்கமாகச் சொல்வோம். 1974 டிசம்பரில் பாலிங்கில் ரப்பர் விலை விழுந்து சிறுதோட்டக்காரர்கள் பட்டினி கிடந்தபோது, அவர்களுக்காக மாணவர்கள் கோலாலம்பூரில் கூடினார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் கைது. அடுத்த வருஷமே அந்தச் சட்டத்தை இறுக்கினார்கள். 2011-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதில் ஒரு பிரிவு அரசியலமைப்புக்கு முரண் என்றது. 2018 டிசம்பரில்தான் வளாகத்துக்குள் கட்சி அரசியலுக்கான தடையை நாடாளுமன்றம் நீக்கியது. நான் அப்போது கடைசி ஆண்டு. அந்தச் செய்தி வந்த அன்று எங்கள் கோலேஜில் எல்லாரும் பேசியது மெரிட் போதவில்லை, அடுத்த செமஸ்டர் அறை கிடைக்குமா என்பதைப் பற்றி. மகா சிஷ்யர்களை யாரும் புதிதாக அடக்க வேண்டிய தேவை அப்போது இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

தமிழ்ச் சங்கத்து நிகழ்ச்சிகளில் எங்களுக்கு இரண்டு அகராதி. மேடையில் விரிவுரையாளர், புல முதல்வர், இளங்கலை. கீழே இறங்கினால் லெக்சரர், டெகான், டிகிரி. “உன் பாயிண்டர் எவ்வளவு?” என்பதற்கு மேடைத் தமிழ் எங்களில் யாருக்கும் தெரியாது. சராசரி மதிப்பெண்ணுக்குப் பாயிண்டர் என்று நம் நாட்டில்தான் சொல்கிறார்கள் என்று நினைக்கிறேன், கோயம்புத்தூர் நண்பர் அதற்கும் விழித்தார். தமிழ் நிகழ்ச்சி நடத்துவதற்கான அனுமதித் திட்டத்தை மலாயில் எழுதி, ஆங்கிலத்தில் விளம்பரம் போட்டு, வாட்ஸ்அப்பில் ஆங்கில எழுத்தில் தமிழ் தட்டி ஆள் சேர்த்தோம். அதைக் கேவலம் என்று மேடையில் பேசிவிட்டுப் போன விருந்தினர்கள் உண்டு. அந்த நிகழ்ச்சிக்கு முந்நூறு பேர் வந்தார்கள் என்பதையும் அவர்கள் கொஞ்சம் பார்த்திருக்கலாம்.

பட்டமளிப்பு விழாவுக்குப் பாட்டி வரவில்லை, அதற்கு எட்டு மாதம் முன்பே போய்விட்டார். அப்பாவும் அக்காவும் வந்தார்கள். அப்பா சுருளை விரித்து மேலிருந்து கீழே விரல் வைத்து வாசித்தார். ‘சர்ஜானா மூடா’ என்ற இடத்தில் விரல் நின்றது. மூடா என்றால் இளம். சர்ஜானா சமஸ்கிருத ‘சஜ்ஜன’ என்பதிலிருந்து ஜாவா வழியாக வந்தது என்பார்கள், நல்லவர், கற்றவர். நம் இளங்கலையில் இருக்கும் இளமை அதிலும் இருக்கிறது. “மூடான்னா சின்னப் பையன்தானே, நாலு வருஷம் படிச்சும் இன்னும் சின்னப் பையன்தானா?” என்று கேட்டார்.

விழா அங்கிக்கு மலாயில் ஜுபா. நம்ம ஊர் ஜிப்பாவும் அந்த அரபிச் சொல்தான். வெயில் தாங்காமல் நான் அதைக் கழற்றிக் கையில் வைத்திருந்தேன். அக்கா வாங்கி, மடிப்பைத் தட்டிவிட்டு, “ஒரு நிமிஷம்” என்று சொல்லித் தன் சுடிதாருக்கு மேலே போட்டுக்கொண்டாள். தொப்பியையும் எடுத்து வைத்தாள், குஞ்சம் தப்பான பக்கம் தொங்கியது. அப்பா போனைத் தூக்கினார். எனக்குப் பின்னால் புகைப்படத்துக்குக் காத்திருந்த ஒரு குடும்பம், பட்டம் வாங்கியது அவள்தான் என்று நினைத்து, தஹ்னியா, வாழ்த்துகள் என்றார்கள். அக்கா நன்றி சொன்னாள்.